குற்றாலத்து மொச்சையும் இரண்டு பொட்டலம் ஆப்பச் சோடாவும்

அன்றைக்கு அந்த அடுக்களையில் இருந்தவர்கள் ஐந்து பேர். எண்ணித்தான் சொல்கிறேன். பிற்பாடு தென்காசி, செங்கோட்டைப் பக்கம் கரண்டி பிடித்தவர்களில் பாதிப் பேர் தாங்களும் அங்கே நின்றதாகச் சொல்லிக்கொண்டார்கள். அவர்களில் இரண்டு பேர் இந்தக் கதையை என்னிடமே சொன்னார்கள். நானும் முதல் தடவை கேட்கிறவன் மாதிரி தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன்.

முதல் ஆள் எங்கள் தலைமைச் சமையற்காரர். எங்களுக்கு அவர் வெறும் அண்ணாச்சிதான். அன்றைக்கு அவருக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. கன்னம் இட்லி மாதிரி உப்பி, கிராம்பை அடக்கி, துண்டால் தாடையை உச்சியோடு சேர்த்துக் கட்டியிருந்தார். பேச்சு இல்லை. இரண்டாவது ஆள் மாவாட்டவும் தேங்காய் அரைக்கவும் வந்த செல்லம்மாக்கா. அவருக்கு எந்தப் பல்லிலும் வலி இல்லாததால் அண்ணாச்சியின் பங்கையும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தார். மூன்றாவது, தண்ணீரும் விறகும் சுமக்க உள்ளூரில் பிடித்த முத்தையா. நாலாவது, வீட்டுக்கார ஆச்சி. கீழப்பாவூர்ப் பக்கத்துப் பண்ணை வீட்டு அம்மாள். உட்காரவில்லை, போவதும் வருவதுமாக இருந்தார். ஐந்தாவது நான். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மற்ற எதிலும் தேறாவிட்டாலும் கவலைப்படுவதில் பெரிய பரீட்சையே பாஸ் பண்ணியிருப்பேன்.

என் மடியில் இரண்டு பொட்டலம் ஆப்பச் சோடா. ஒன்றே போதும். அந்த இரண்டாவதுதான் இந்தக் கதை.

இப்போது வேலைக்கு வந்திருக்கிற நீங்கள் குக்கரில் விசிலை எண்ணுகிறவர்கள். எங்களுக்கு எண்ண எதுவும் கிடையாது. ஒரு சிட்டிகை சோடாவைப் போட்டுவிட்டு சாமியைக் கும்பிட வேண்டியதுதான். சாரல் நாளில் ஆப்ப மாவு எழும்பாமல் சோம்பிக் கிடந்தால் அதைத் தட்டி எழுப்புவது சோடா. பாதுஷா வாயில் அடுக்கடுக்காக உதிர்வதும் அதனால்தான். மாவு அளவுக்கு மேல் புளித்துவிட்டால் அதன் கோபத்தைக் கொஞ்சம் ஆற்றும். ஆனால் கை ஒரு நூல் கூடினால் ஆப்பம் மஞ்சள் பூத்து சவுக்கார வாசம் அடிக்கும், பஜ்ஜி எண்ணெயைக் கிணறு மாதிரி குடிக்கும். கீரை பச்சையாக இருக்கட்டும் என்று அதில் கொஞ்சம் தூவுகிறவர்கள் உங்களில் யார் யார் என்று நான் கேட்கப்போவதில்லை. இலையில் அந்தக் கீரை களிம்பு மாதிரி ஒட்டிக்கொண்டு கிடக்கும்போது அதுவே சொல்லிவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலே, வேக மறுக்கிற பருப்பு. எங்கள் தெருக் கிணற்றில் உப்பு ஏறிய தண்ணீர். அதில் கடலையும் மொச்சையும் மத்தியானம் வரைக்கும் கொதித்தாலும் கூழாங்கல்லாகத்தான் கிடக்கும். அதனால் ஊறப்போடும்போது ஒரு சிட்டிகை, உலையில் ஒரு சிட்டிகை என்பது எங்கள் கோஷ்டியின் கைப்பழக்கம். யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. கை தானாகப் போகும்.

அணா போய் நயா பைசா வந்த வருஷம், ஆனி மாதம். அந்தப் பண்ணை வீட்டுப் பெரியவருக்கு அறுபதாம் கல்யாணம். குற்றாலத்தில் ஒரு பங்களாவை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். நூற்றிருபது இலை. வெளியே பார்த்தால் விசேஷம் பெரியவருக்கு. உள்ளே விஷயம் வேறு. அவருடைய இரண்டாவது பெண்ணைப் பார்த்துவிட்டுப் போயிருந்த செங்கோட்டைக்காரர்களும் விருந்துக்கு வருகிறார்கள். அதற்கு முன் இரண்டு இடம் வந்து தட்டிப்போயிருந்தது. இவர்களும் இன்னும் பிடி கொடுக்கவில்லை. மாப்பிள்ளையின் தாய்மாமனுக்கு எதிலும் குற்றம் கண்டுபிடிக்கும் கண். சாப்பிட்டு வெற்றிலை போடும்போது சொல்லுகிறோம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

முதல் நாள் சாயங்காலம் நாங்கள் போய் இறங்கியதும் ஆச்சி எங்களைக் கூப்பிட்டு, தன் வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னது ஒரே விஷயம்.

"அவுகளுக்குக் கடைவாயில ஒத்தப் பல்லு கிடையாது. ஆனா மொச்சைன்னா உசுரு. வெண்ணெயா வெந்திருக்கணும். சம்பந்தம் பேச வாரவுக பாக்குத இலை, அதனால தோலும் கழலப்பிடாது. முழுசு முழுசா இருக்கணும். எல்லாம் நல்லா முடிஞ்சா ஆவணியில கல்யாணச் சமையலும் ஒங்களுக்குத்தான்."

அண்ணாச்சி தாடைக் கட்டோடு தலையை மட்டும் அசைத்தார். மொச்சையை என்னிடம் காட்டினார். அதாவது, நீ பார்த்துக்கொள்.

அடுத்தது ஆடி மாதம். ஆடியில் எங்கள் தொழிலில் அடுப்புச் சாம்பலைக்கூட அள்ள ஆள் தேட மாட்டார்கள். ஆவணிக் கல்யாணம் உறுதியானால் முன்பணம் வரும், ஆடி கழியும். பல்லில்லாத ஒருவருக்கு வெண்ணெய், பல்லுள்ள நூற்றுப்பத்தொன்பது பேருக்கு முழு மொச்சை, உள்ளே ஒரு பெண்ணின் கல்யாணம், அன்றைக்கு வராதவர்களையும் சேர்த்து எங்கள் கோஷ்டியின் ஆறு வீட்டு ஆடி மாதம், இத்தனையும் ஒரு அண்டாவுக்குள்.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் அண்ணாச்சி முதலில் செய்கிற காரியம், அந்த வீட்டுத் தண்ணீரில் ஒரு செம்பு வாங்கி நின்றபடி குடிப்பது. அவசரமில்லாமல், வாயில் வைத்து வைத்துக் குடிப்பார். நடந்து வந்த களைப்பு என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். குற்றாலத்தில் முத்தையா செம்பை நீட்டியதும் அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு விலகிவிட்டார். பச்சைத் தண்ணீர் பட்டால் பல் உயிர் போகும். அதையும் நான் கவனித்தேன். ஐயோ பாவம் பல் என்று நினைத்தேனே தவிர, வேறொன்றும் தோன்றவில்லை.

மொச்சையைக் கழுவி, வழக்கமான ஒரு சிட்டிகையோடு ஊறப்போட்டேன். சாரல் வலுத்தது. விறகைத் தொட்டுப் பார்த்தேன், ஈரம். காற்று ஈரம். என் கை, கால், மனசு எல்லாம் ஈரம். இந்தக் குளிரில் மொச்சை எப்படி ஊறும், இந்த விறகில் எப்படி வேகும்? கையிலிருக்கிற சோடா போதுமா? குடையை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். அருவிக்கு வருகிறவர்களை நம்பி, எண்ணெயும் சீயக்காயும் விற்கிற சீசன் கடை ஒன்றில் இரண்டணாவுக்கு இன்னொரு பொட்டலம் வாங்கினேன். மடியில் சில்லறை இல்லை. கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஊருக்குப் போகும்போது கொடுத்தால் போதும் என்றார். திரும்பி வந்து, ஊறுகிற மொச்சையில் இன்னும் ஒரு சிட்டிகை போட்டேன். என்னுடைய நிம்மதிக்காக.

விடிந்து பார்த்தால் ஒவ்வொரு மொச்சையும் கட்டைவிரல் பருமனுக்கு ஊதியிருக்கிறது. எங்கள் ஊர்த் தண்ணீரில் அப்படி ஊறிப் பார்த்ததே இல்லை. நான் பூரித்துப்போனேன். அந்த நேரத்தில் பயந்திருக்க வேண்டியவன் நான். பயப்பட வேண்டாத இடத்தில் எல்லாம் பயந்துவிட்டு, பயப்பட வேண்டிய இடத்தில் பூரித்தேன். உலையிலும் வழக்கமான சிட்டிகையைப் போட்டேன். விறகு புகைந்தது. அந்தப் புகையைப் பார்த்துக் கவலைப்பட்டு இன்னொரு சிட்டிகை.

அரை மணிகூட ஆகியிருக்காது. செல்லம்மாக்கா அம்மியை விட்டு எழுந்து வந்து அண்டாவை எட்டிப் பார்த்தார்.

"ஏ சங்கரா, மொச்சையெல்லாம் சட்டையக் கழத்திப் போட்டுட்டுக் குளிக்குது பாரு. குத்தாலம்லா."

பார்த்தேன். தோல்கள் ஒரு பக்கம் மிதக்கின்றன. பருப்புகள் ஒரு பக்கம் புரள்கின்றன. சில இரண்டாகப் பிளந்துவிட்டன. தண்ணீர் சாயம் போன காவி வேட்டி நிறம். ஒரு சொட்டு நாக்கில் விட்டேன். துணி துவைத்த தண்ணீர்.

மணி எட்டரை இருக்கும். பதினொன்றரைக்குப் பந்தி. வேறு மொச்சை வாங்கினாலும் ஊறவைக்க ஒரு ராத்திரி வேண்டும். அப்போது எனக்கு வந்த யோசனை, சோடாவைப் புளி அடக்கும் என்பது. யோசனை தப்பில்லை. அளவைத்தான் யோசிக்கவில்லை. பக்கத்தில் குழம்புக்குக் கரைத்து வைத்திருந்த புளித்தண்ணீரைச் சட்டியோடு தூக்கி அண்டாவில் கவிழ்த்துவிட்டேன்.

அண்டா ஒரு பெருமூச்சு விட்டது. அப்புறம் நுரை எழும்பியது. விளிம்பைத் தாண்டியது. நாலு பக்கமும் வழிந்து, புஸ்ஸென்று அடுப்பை அணைத்து, சாம்பலையும் சேர்த்துக்கொண்டு முத்தையாவின் கால் வரைக்கும் ஓடியது. முத்தையா ஒரு எட்டு தள்ளி நின்றுகொண்டார்.

"நான் அருவியிலதான் வெள்ளம் வரும்னு நெனச்சேன்" என்றார் செல்லம்மாக்கா.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஆறு வீட்டு ஆடி மாதமும் அந்த நுரையில் போகிற மாதிரி இருந்தது. அண்ணாச்சி சுவரோரம் இருந்து எழுந்து வந்தார். திட்டுவார் என்று பார்த்தால் வாய் திறக்க முடியாது. அது என் அதிர்ஷ்டம் என்று அப்போது நினைத்தேன். அண்டாவில் கரண்டியை விட்டு ஒரு மொச்சையை எடுத்தார். இரண்டு விரலுக்கு நடுவே வைத்து லேசாக அழுத்தினார். தோல் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. உள்ளே இருந்த பருப்பு உடையவில்லை. அதை என் உள்ளங்கையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

அவ்வளவுதான் அவர் செய்த உதவி. போதும். தோலோடு காப்பாற்றப் பார்த்ததுதான் முட்டாள்தனம், தோலே வேண்டாம் என்று வைத்துக்கொண்டால் முக்கால்வாசி மொச்சை பிழைத்துக்கொள்ளும். அண்டாவைப் பெரிய கூடையில் சாய்த்தோம். முத்தையா குடம் குடமாக ஊற்ற, நானும் செல்லம்மாக்காவும் அலசினோம். தோலும் நுரையும் காவி நிறமும் போயின. மூன்று தண்ணீர் மாற்றிய பிறகு பருப்பு வெள்ளையாகச் சிரித்தது. முத்தையா அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"இந்தத் தண்ணிக்குச் சோடா எதுக்கு? இதுல சும்மா போட்டாலே பூவா வெந்துரும்லா."

"இத நேத்தே சொல்லக் கூடாதா?" என்றேன்.

"நேத்து யாரு கேட்டா?"

நியாயமான கேள்வி. தண்ணீர் தூக்குகிறவரிடம் தண்ணீரைப் பற்றி யார் கேட்கிறார்கள்?

இனி அந்தப் பருப்பை என்ன செய்வது? ஒவ்வொன்றாக யோசித்தேன். எவ்வளவு அலசியும் அடி நாக்கில் லேசாகச் சவுக்காரம் தெரிந்தது. அதை அடக்கப் புளிப்பு வேண்டும். புளி கறுக்கும், எலுமிச்சை கறுக்காது. சரி, எலுமிச்சை. மொச்சை வாயு, அதனால் இஞ்சி. காரத்துக்குப் பச்சை மிளகாய். பிளந்து போனதெல்லாம் வெளியே தெரியாமல் மூட ஏதாவது வேண்டும். தேங்காய்ப்பால். செல்லம்மாக்கா பத்துத் தேங்காயை அரைத்துப் பிழிந்தார். இரண்டாம் பாலில் பருப்பை ஒரு கொதி விட்டு, முதல் பாலை ஊற்றி இறக்கி, எலுமிச்சையைப் பிழிந்தேன். மிச்சமிருந்த சோடா மெல்ல ஒரு தடவை முனகிவிட்டு அடங்கியது. ருசி பார்த்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை, அவ்வளவு நன்றாக இருந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"மூக்கத் தூக்கிப் பாரு. என்ன வாசம் வருது?" என்றார் செல்லம்மாக்கா.

"நல்ல வாசம்."

"நல்ல வாசந்தான். மறுவீட்டு வாசம்."

தேங்காய்ப்பால், இஞ்சி, பச்சை மிளகாய், எலுமிச்சை. பாசிப்பருப்புக்குப் பதில் மொச்சை. நான் வைத்திருந்தது சொதி.

எங்கள் பக்கத்துச் சைவ வீடுகளைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சொதி என்பது கண்ட நாளில் வைக்கிற குழம்பு அல்ல அந்தக் காலத்தில். கல்யாணம் முடிந்த மறுநாள், மறுவீட்டு விருந்தில், மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண் வீட்டார் பரிமாறுவது. பெண் வேண்டுமா வேண்டாமா என்று இன்னும் வாய் திறக்காதவர்களின் இலையில் அதை ஊற்றினால் என்ன அர்த்தம்? உங்கள் சம்மதம் எங்களுக்குத் தேவையில்லை, கல்யாணம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். அதுவும் குற்றம் பார்க்கிற தாய்மாமன் இலையில். மூன்றாவது இடமும் தட்டிப்போக இதைவிட நல்ல வழி கிடையாது.

பேசாமல் பரிமாறிவிடு, யார் கவனிக்கப் போகிறார்கள் என்றார் செல்லம்மாக்கா. என்னால் முடியவில்லை. இதில் பெருமை ஒன்றும் இல்லை. பயந்தவனால் ஒரு பொய்யை ரொம்ப நேரம் சுமக்க முடியாது, அவ்வளவுதான். அடுத்த தடவை ஆச்சி உள்ளே வந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இரண்டு பொட்டலம், சிட்டிகைக் கணக்கு, நுரை, சொதி எல்லாம். மொச்சை இல்லாமலும் பந்தி நடத்தலாம், அண்டாவை அப்படியே மூடிவிடட்டுமா என்றும் கேட்டேன். இந்த அடுக்களையில் நான் கெடுத்தது என் கோஷ்டியின் பிழைப்பு மட்டுமில்லை, அதனால் முடிவு அவருடையது என்று எனக்குத் தோன்றியது.

ஆச்சி கையை நீட்டினார். கொஞ்சம் ஊற்றினேன். குடித்தார். வாசலில் வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

"எதுக்கு ரெண்டாவது பொட்டலம் வாங்கின?" என்றார்.

"பயத்துல, ஆச்சி."

"நானும் பயந்துதான் மூணு பாயசம் வைக்கச் சொன்னேன்." கையைத் துடைத்துக்கொண்டார். "விளம்பு. பேரு கேட்டா மொச்சைப் பால்கறின்னு சொல்லு. ரொம்ப ஓங்கிச் சொல்லாத."

பந்தி தொடங்கியது. நான்தான் விளம்பினேன். பெரியவருக்கு முதல் அகப்பை. அடுத்த வரிசையில் செங்கோட்டைக்காரர்கள். தாய்மாமன் சோற்றைக் குழி செய்து வாங்கினார், பிசைந்தார், ஒரு வாய் வைத்தார், நிறுத்தினார்.

"இது என்ன, தம்பி?"

"மொச்சைப் பால்கறி" என்றேன். ஓங்கிச் சொல்லவில்லை. எனக்கே கேட்கவில்லை.

அவர் வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். "மருமக இன்னும் வீட்டுக்கு வரல. மறுவீட்டுச் சோறு வந்துட்டே."

பந்தியில் கை எல்லாம் நின்றுவிட்டது. தூண் பக்கத்தில் ஆச்சி. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, அகப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த மௌனத்தில் ஒரே ஒரு சத்தம்தான் கேட்டது. பெரியவர் உறிஞ்சிச் சாப்பிடுகிற சத்தம். அவர் பாட்டுக்குச் சாப்பிட்டு முடித்து, இலையை வழித்து, தலையைத் தூக்கினார்.

"பல்லு போனப்பறம் இன்னைக்குத்தான் மொச்சைய மொச்சையா தின்னுருக்கேன். மறுவீடோ மொத வீடோ, இன்னும் ஒரு அகப்பை விடுலே."

யாரோ சிரித்தார்கள். பெண்கள் வரிசையிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா தன் தம்பியைப் பார்த்து, அதாவது அந்தத் தாய்மாமனைப் பார்த்து, நிதானமாகச் சொன்னார்.

"ஏ தம்பி, குழி பண்ணி வாங்கிட்டே, ஒரு வாய் தின்னும் போட்டே. மறுவீட்டுச் சோத்தத் தின்னுட்டுப் பொண்ணு வேண்டாம்னு எந்திரிக்க முடியுமா? மிச்சத்தையும் தின்னு. தேதியப் பாப்போம்."

வெற்றிலைத் தட்டு வருவதற்கு முன்னாலேயே முடிவாகிவிட்டது. தாய்மாமன் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். மூன்றாவது தடவை கொஞ்சம் உப்புக் குறைவு என்றார். அது அவருடைய கடமை.

ஆவணிச் சமையல் எங்களுக்கே வந்தது. முன்பணத்தைக் கொடுக்கும்போது ஆச்சி, கல்யாணத்துக்கு மொச்சை வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

நாலு நாள் கழித்து அண்ணாச்சியின் கன்னம் வற்றியது. தாடைக் கட்டை அவிழ்த்ததும் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "குத்தாலத்துத் தண்ணிய நீ ஒரு வாய் குடிச்சுப் பாத்தியாலே?"

இல்லை என்றேன். அப்போதுதான் அந்த ஒரு செம்புத் தண்ணீர் எதற்கென்று புரிந்தது. உப்புத் தண்ணீரா, நல்ல தண்ணீரா, சோடா வேண்டுமா வேண்டாமா எல்லாம் அந்தச் செம்பிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். அன்றைக்குப் பல் அவரைக் குடிக்க விடவில்லை, அதனால் எங்கள் எல்லாருக்கும் தெரியாமல் போயிற்று. அதற்குப் பிறகு நாற்பது வருஷம், எந்த ஊர் அடுக்களைக்குள் போனாலும் நான் முதலில் ஒரு செம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். அப்புறம் தண்ணீர் சுமக்கிறவரைக் கூப்பிட்டு, இதில் பருப்பு எப்படி வேகும் என்று கேட்டேன். நீங்கள் பையிலிருந்து சோடாவை எடுப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். உங்களுக்கும் தாகம் என்று சுற்றி இருப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். நினைக்கட்டும்.

அந்த இரண்டாவது பொட்டலத்தில் மிஞ்சியது ஆவணிக் கல்யாணப் பாதுஷாவுக்குப் போயிற்று. அதற்கான காசுதான் இன்னும் என்னை விடவில்லை. ஊருக்குக் கிளம்புகிற அன்று சீசன் கடைக்குப் போய், இரண்டணாவுக்குப் பன்னிரண்டு நயா பைசாவை எண்ணி வைத்தேன். இரண்டணா என்றால் பன்னிரண்டரை, அரைக்குக் காசு கிடையாது, அதனால் பதிமூன்று என்றார் கடைக்காரர். அஞ்சாம் வகுப்புக் கணக்குக்கு அது எட்டவில்லை, மடியில் வேறு காசும் இல்லை. மெதுவாகக் கொடு என்று சிரித்தார். ஆவணியில் கல்யாணம் முடிந்து போய்ப் பார்த்தால் சாரலும் இல்லை, கடையும் இல்லை. அடுத்த சீசனில் அதே இடத்தில் வேறு யாரோ மங்குஸ்தான் விற்றார்கள். அப்புறமும் பல வருஷம் அந்தத் தெருவில் போகும்போதெல்லாம் முகங்களைப் பார்த்துக்கொண்டேதான் போனேன். செல்லம்மாக்கா கடைசி வரைக்கும் சொல்லிச் சிரிப்பார், ஒரு கல்யாணத்தையே அந்தப் பொட்டலந்தானே முடித்து வைத்தது, அந்தக் கடைக்காரருக்கு நீ தரகே கொடுத்திருக்க வேண்டும் என்று.

தரகு கணக்கில் வராது. பாக்கி ஒரு நயா பைசா.